ஜன்னலைப் பார்த்த நாற்காலி

அந்த ஆங்கிலேயக் கிராமத்தின் ஊர்க்கூடத்தில் வாராவாரம் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காரும் ஆணும் பெண்ணும் ஒரு ஜோடி. பெண்கள் குறைந்தால் ஓர் ஆண் கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு பெண்ணுக்குப் பதிலாக ஆட வேண்டும். எட்னா செத்துப்போனதில் ஒரு பெண் குறைந்தது. அவள் கணவர் வில்ஃப்ரெட்டே ரிப்பனைக் கட்டிக்கொண்டு அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எதிரே உட்கார்ந்தவர். அவள் தப்பான சீட்டை இறக்கும்போதெல்லாம், "உன் புத்தி எங்கே மேயப் போயிருக்கு?" என்று நாலு பேர் முன்னால் எரிந்து விழுந்தவர். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

சீட்டுகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே சர்ச் மதில். அதற்கு அப்பால், மற்றவற்றைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் கல்லறை. ஆறு வயதில் போய்விட்ட அவர்கள் மகன் காலினுடையது. அடக்கம் முடிந்த பிறகு அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. வீட்டில் அவன் பேச்சை எடுக்கவும் விட்டதில்லை.

"உங்க முறை, வில்ஃப்ரெட்," என்றார் எதிரே இருந்த ஹாரல்ட்.

கைக்கு வந்த சீட்டை இறக்கினார்.

"ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டுட்டீங்களே. கவனம் எங்கே இருக்கு?"

வில்ஃப்ரெட் சிரித்து மழுப்பினார்.