ஒரு நிமிடச் சபை

காலை பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் சபாநாயகர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

எதிரே இருநூறு நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை.

விடுமுறைக் காலம். உறுப்பினர்கள் எல்லாம் தொகுதியைப் பார்க்கப் போயிருந்தார்கள், அல்லது அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் சேர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் சபை கூடாமல் இருக்கக் கூடாது என்று சட்டம். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வந்து, சபை கூடியது என்று சொல்லி, அடுத்த தேதியைச் சொல்லி, சுத்தியலைத் தட்டி ஒத்திவைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆள் போதவில்லை என்று ஆட்சேபிக்க ஓர் ஆளாவது வேண்டும். அந்த ஆளும் வருவதில்லை.

யாரும் சீண்டாத இந்த வேலையைப் பின்வரிசைக்காரரான இவர் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வயதில் நாற்காலி ஆசை என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அவர் வந்தது, கீழே மேஜையில் குனிந்திருந்த சுருக்கெழுத்தாளருக்காக. அவருடைய ஒரே மகள்.

நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, ஓட்டெடுப்பு முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சபைக்கு வந்தார். விவாதம் இழுத்துக்கொண்டே போனது. அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மகள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு போனை எடுப்பதில்லை. போனால் கதவைத் திறப்பதில்லை. சபையில் மட்டும் அவர் சொல்வதை அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும், எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒருநாளாவது அவள் முறை வராதா என்றுதான் வந்தார். எல்லா நாளும் அவளே வந்தாள். விடுமுறைக்கு இவளை ஒருத்தியையே போட்டிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் அமர்வில் பதற்றத்தில் தேதியை மாற்றிப் படித்துவிட்டார். தேதி தவறினால், சுத்தியல் விழுவதற்குள் சுருக்கெழுத்தாளர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். விழுந்துவிட்டால் சொன்னது சொன்னதுதான்.

"தேதி தப்பு" என்றாள், நிமிராமல்.

அந்த இரண்டு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், தனியாக உட்கார்ந்து எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

இன்று பதினான்காவது அமர்வு. கடைசி. திங்கட்கிழமை முழுச் சபை கூடிவிடும். இவர் பின்வரிசைக்குப் போய்விடுவார். கீழே மேஜையில் சுருக்கெழுத்தாளர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பத்து அடித்தது.

"சபை கூடியது" என்றார். பேனா நகர்ந்தது.

கையிலிருந்த தாளில் திங்கட்கிழமை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்தார். இரண்டு மூன்று நரை. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

"சபை நாளை காலை பத்து மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது."

வேண்டுமென்றேதான் சொன்னார். இன்னொரு 'தப்பு' கிடைத்தால் போதும்.

பேனா நின்றது.

சுத்தியலை ஓங்கியபடி காத்திருந்தார். கை வலித்தது. வாசலில் நின்ற காவலர் இருமினார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேனா மறுபடி நகர்ந்தது, எழுதி முடித்தது.

அதற்குக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டேனா என்று நினைத்தார். சுத்தியலைப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் காவலர் கையெழுத்துக்கான கோப்புடன் வந்தார்.

"என்னங்கய்யா, நாளைக்கும் கூடணுமாமே? செயலாளர் தலையில அடிச்சுக்கிறாரு."

வழக்கமாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். இன்று கை ஓடவில்லை. தாளைப் புரட்டினார்.

சுருக்கெழுத்தாளர்களின் பணிப்பட்டியல். பதினான்கு அமர்வுக்கு ஆளுக்கொரு நாளாகப் பதினான்கு பெயர் அச்சாகியிருந்தது. மகளின் பெயர் முதல் வரியில் மட்டும்தான். மற்ற பதின்மூன்றையும் அடித்து, பக்கத்தில் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தாள்.

கடைசி வரிக்குக் கீழே, அதே கையெழுத்தில், பட்டியலில் இல்லாத ஒரு நாள் சேர்க்கப்பட்டிருந்தது. நாளை, காலை பத்து மணி.

அதற்கு நேரேயும் அவள் பெயர்தான் இருந்தது.