வைஃபை திருட்டு

“சந்தேகமே இல்லை. மேல்வீட்டுக்காரங்கதான் நம்ம வைஃபையைத் திருடறாங்க” என்றார் செக்ரட்டரி.

குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் செயலாளர் ஆனதிலிருந்து அவருக்கு வேறொரு பெயர் இருந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டது. நாற்காலியை இழுக்காதே, துணியைச் சொட்டச் சொட்டக் காயப்போடாதே என்று அவர் நோட்டீஸ் ஒட்டாத சுவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. அதில் பாதி, மேல்வீட்டு நர்ஸ் குடும்பத்துக்காகவே ஒட்டியது.

அன்று காலை லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் ஆகி, அணைந்து, மறுபடி எழுந்தது. எழுந்ததிலிருந்து நெட் இல்லை.

மூடித் திறந்தார். துணியால் துடைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைவதுபோல் ஹாலிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சமையலறைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“இங்கே எதுக்குங்க கொண்டு வர்றீங்க? அதுக்குப் பசிக்குதாமா?” என்றாள் மனைவி.

வேறு நாளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிநாட்டிலிருக்கும் மகள், பேத்தி நடப்பதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் இருந்த இரண்டு போனும் பட்டன் போன்.

விறுவிறுவென்று மாடி ஏறினார். ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த நர்ஸை எழுப்பி, அடுத்தவர் நெட்டை உறிஞ்சுவதும் திருட்டுதான் என்று மூச்சுவிடாமல் பேசினார். அவள் முழுதாகக் கேட்டாள். “நாங்க உங்க நெட்டை எடுக்கலை சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செக்ரட்டரி திருப்தியோடு இறங்கி வந்தார். “அவளுக்குக் கோபமே வரலை பார்த்தியா? தப்பு செஞ்சவங்களுக்குத்தான் கோபம் வராது.”

“வந்திருந்தா?”

“அப்பவும் தப்பு செஞ்சவங்கன்னுதான் அர்த்தம்.”

அடுத்த கூட்டத்தில் இதைக் கிழிகிழியென்று கிழித்துவிடுவதாக முடிவு செய்து, பேச வேண்டியதை மத்தியானம் முழுக்கக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தார்.

லேப்டாப் மெக்கானிக் வந்து சேர்வதற்குள் ஐந்து மணி தாண்டிவிட்டது. அவர் எதையெதையோ திறந்து பார்த்தார். ஃப்ளைட் மோட் இல்லை, அப்டேட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை, லேப்டாப் கல்லுமாதிரி இருக்கிறது என்றார். நெட் வருகிற பெட்டி எங்கே என்று கேட்டார்.

பெட்டி பீரோ மேல் இருந்தது. தூசி படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வயரை அழகாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் செக்ரட்டரி.

“இதுக்குக் கரன்ட் கொடுக்கலையா சார்?”

“வெளியூர் போறப்ப பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்து பார்த்தா அது இல்லாமலே நெட் வந்துச்சு. அப்புறம் எதுக்கு வீணா கரன்ட்?” என்றார் பெருமையாக.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். செக்ரட்டரியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

“எப்பலேருந்து சார்?”

“பேத்தி பிறந்த சமயத்திலேருந்து.”

மெக்கானிக் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுகிற குரலில் விளக்கினார். கரன்ட் இல்லாத பெட்டி நெட் தராது. இத்தனை நாளும் சார் வேறு யார் வீட்டு நெட்டிலோ ஓட்டியிருக்கிறார். கட்டடத்தில் இருக்கிற எல்லா வைஃபைக்கும் பூட்டுப் படம் இருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. அது மேல்வீட்டுடையது, வீட்டு எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள். இதில் சேரவா என்று லேப்டாப் என்றைக்கோ கேட்டிருக்கும், சார் ‘சரி’யை அமுக்கியிருப்பார்.

எது கேட்டாலும் ‘சரி’யை அமுக்குவதுதான் செக்ரட்டரியின் வழக்கம்.

“பூட்டில்லாத நெட்டுல அதுவா போய்ச் சேராது சார், அப்டேட்டுக்கு அப்புறம். புத்தி வந்துடுச்சு” என்றார் மெக்கானிக்.

பெட்டிக்குக் கரன்ட் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு உயிர் இல்லை. புதுப் பெட்டி நாளைக்குத்தான் கிடைக்கும். மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு தட்டு தட்டினா மறுபடி மேல்வீட்டு நெட்டுல சேர்ந்துடும். தட்டவா?”

செக்ரட்டரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தெரியாமல் எடுத்தது வேறு. தெரிந்தே எப்படி எடுப்பது? “இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார்.

காலையில் ஓடி ஏறிய அதே படி இப்போது மலையாக இருந்தது. மன்னிப்பு கேட்கத்தான் போனார். ஆனால் கதவு திறந்ததும் அவரை முந்திக்கொண்டு வாயைத் திறந்தவர் சங்கத்துச் செயலாளர்.

“உங்க வைஃபைக்குப் பூட்டே போடலையேம்மா. இப்படித் திறந்து போட்டா கண்டவனும் உள்ளே வந்துட மாட்டானா?”

நர்ஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். செக்ரட்டரியின் தலை குனிந்தது.

“நான்தாம்மா அந்தக் கண்டவன். இத்தனை நாளா உங்க நெட்டைத்தான் எடுத்துக்கிட்டிருந்திருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுது.”

“எங்களுக்கு அப்பவே தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா விட்டு வச்சீங்க?”

“பூட்டுப் போடத்தான் சார் எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, கீழே நீங்க பேத்தியைக் கொஞ்சிச் சிரிக்கிற சத்தம் கேட்டுது. நீங்க சிரிச்சு நாங்க கேட்டது அதுதான் முதல் தடவை. அதை நிறுத்த எங்களுக்கு மனசு வரலை.”