கட்டுப்படியாகிற வீடு

அன்று, நாங்கள் வாங்குவதற்காகப் பார்க்கப் போன வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பி மனைவி, வீட்டுக்காரர், அவர் மனைவி, தரகர். வேறு ஒருவரும் இல்லை. ஆகவே வேறு ஒருவர் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை.

நகரத்தின் ஓரத்தில், தெருவின் இரு பக்கமும் மரங்கள் நிற்கும் பகுதி அது. தம்பி மனைவி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். எங்கள் வீட்டிலிருந்து அவள் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டை விற்றால் இந்த வீடு கைக்கு எட்டும், விற்காவிட்டால் எட்டாது. எங்கள் வீட்டை வந்து பார்த்தவர்கள் எல்லோரும் இடம் பத்தாது என்று போய்விட்டார்கள். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வரும் வழியிலேயே இருவருக்கும் சொல்லியிருந்தேன்.

"பணத்தப் பத்தி யாரும் வாயத் தெறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசினா வீடு கெடைக்காது மாமா, சண்டதான் கெடைக்கும்" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். புல் வெட்ட வருகிறவர் கூலி, காவலாளி சம்பளம், குடியிருப்போர் சங்கச் சந்தா என்று மாதச் செலவுகளை அவரே மளமளவென்று ஒப்பித்தார்.

"அதெல்லாம் மெதுவாச் சொல்லிக்கலாம் சார்" என்று தரகர் நெளிந்தார்.

என் தம்பி பல் செட் செய்கிறவன். எங்கே போனாலும் எதிராளியின் வாயைத்தான் பார்ப்பான். என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, இவரு தூக்கத்துல பல்லக் கடிக்கிறாரு. நல்லாத் தேஞ்சிருக்கு."

"வீடு பாக்க வந்தியா, பல்லு பாக்க வந்தியா?" என்று அடக்கினேன்.

அப்போதுதான் வீட்டுக்காரர் கேட்டார். "இப்ப இருக்கற வீடு எப்படிங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"மழைக்கு ஒழுகுமா?"

"ஒழுகற வீட்டுல நாங்க இருந்ததில்ல."

"கரன்ட் பில்லு எவ்வளவு வரும்? கடையெல்லாம் கிட்டத்துல இருக்கா?" என்று அவர் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களை எடை போடுகிறார்கள்! இந்தத் தெருவில் குடியிருக்க எங்களுக்கு வக்கு இருக்கிறதா என்று நாசூக்காகத் தோண்டிப் பார்க்கிறார்கள். தம்பி மனைவி கண்ணால் கெஞ்சினாள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"கேட்டுக்கோங்க. வீடு சின்னதுதான். ஆனா என் ஒரு சம்பளத்துல அஞ்சு பேரு தலை நிமிந்து இருந்தோம் அங்க. கடன்காரன்னு ஒருத்தன் எங்க வாசல்ல வந்து நின்னதில்ல. ஃபேன் போடாமலே காத்து வரும். கடைக்குச் செருப்பு மாட்டாமப் போய்ட்டு வரலாம். எதிர்வீட்டம்மா ஊர்க்கதையெல்லாம் பேசும், ஆனா ஒடம்புக்கு முடியலன்னா மொத ஆளா வந்து நிக்கும். படுத்தாத் தூக்கம் வரும். ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல என்ன வசதி வேணும்?"

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ்வளவு நல்ல வீட்ட விட்டுட்டு இங்க ஏன் சார் வர்றீங்க?" என்று தரகர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு ரெண்டு பஸ்ஸுல நின்னுட்டே வேலைக்குப் போறா. அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது, இரண்டாவது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவள் பேசினாள்.

"எல்லாம் போச்சு மாமா."

"போனாப் போகட்டும். மானம் இருக்கு."

"இருக்கட்டும் மாமா. ஆனா அதுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதே!"

தம்பி பல்லைக் காட்டினான். நான் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

ஒரு வாரத்துக்குள் தரகர் போன் செய்தார். அந்த வீடு எங்களுக்கு என்று முடிந்தது. எங்கள் வீட்டுக்கும், நாங்கள் சொன்ன விலைக்கே, ஆள் கிடைத்திருந்தது. யார் என்று தெருவில் நான் சொல்லவில்லை. குடும்ப விஷயத்தைத் தெருவில் தண்டோரா போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

குடிபோகிற நாளில் தம்பியும் அவளும் சாமான் லாரியோடு காலையிலேயே புறப்பட்டார்கள். சாவியைக் கொடுப்பதற்காக நான் மட்டும் பழைய வீட்டு வாசலில் காத்திருந்தேன். மத்தியானம் அதே லாரி, கட்டிலும் பீரோவும் மேசையுமாக, நிறையத் திரும்பி வந்து வாசலில் நின்றது.

எதிர்வீட்டம்மா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல? போன சாமான் போன வேகத்துல திரும்பி வந்துடுச்சு. அந்த எடமெல்லாம் இவங்களுக்குக் கட்டுப்படி ஆகுமா? பாவம், பெரியவரு மூஞ்சியப் பாருங்க!"

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்லாதவன், அடுத்தவர் வீட்டு விஷயத்தையா சொல்வேன்?

லாரியின் முன்கதவு திறந்தது.

"அவங்களுக்கு நல்லாவே கட்டுப்படி ஆச்சும்மா" என்று சிரித்தபடி இறங்கினார் அந்த வீட்டுக்காரர். "ஆகாதது எங்களுக்குத்தான்."