பாட்டும் வராது, படமும் வராது

கடைக்காரப் பெண் இரண்டையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று டேப்லெட். தொட்டதும் மீன்கள் நீந்தின, பாட்டு வந்தது.

மற்றது புத்தகம் மட்டும் படிக்கிற இ-ரீடர். சாம்பல் நிறம். தொட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பக்கம் திருப்பியது.

விலை ஏறக்குறைய ஒன்றுதான். பேக்கரியில் மூன்று மாதம் கூடுதல் நேரம் நின்று, வாங்க வந்தவள் சேர்த்த பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும்.

கணவனும் மகளும் அதற்குள் டேப்லெட்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம், படித்துக்கொண்டிருக்கும்போது யாரும் பிடுங்காத ஒரு பொருள். இதுவரை நாவல் படித்ததெல்லாம் கைப்பேசியில்தான். கொலைகாரன் கதவைத் திறக்கும் இடத்தில் கணவனுக்கு மேட்ச் வந்துவிடும். காதலி கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில் மகளுக்குக் கார் பந்தயம் வந்துவிடும்.

சாம்பல் நிறத்தைக் காட்டி அவள் கேட்டாள்.

"இதுல கேம் ஆடலாமா?"

"முடியாதுக்கா."

"மேட்ச்?"

"வராது. கலரே கிடையாது. எழுத்தை வேணும்னா பெருசாக்கிக்கலாம்" என்றாள் கடைக்காரப் பெண், தன்மேல்தான் தப்பு என்பதுபோல.

ஒவ்வொரு 'வராது'க்கும் கேட்டவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

கூட வந்திருந்த மாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இ-ரீடரை இரண்டே விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"பாட்டும் வராது, படமும் வராது. காசு குடுத்து சிலேட்டு வாங்கறா பாருடா உன் பொண்டாட்டி."

கணவன் சிரித்தான். "நீயே சொல்லும்மா அவகிட்ட."

"நான் என்னத்தச் சொல்ல? அவ உழைச்ச காசு, அவ இஷ்டம். ஆனா இந்தத் தண்டத்தை எங்கிட்ட மட்டும் யாரும் நீட்டாதீங்க."

அம்மாவே அப்படிச் சொன்னபிறகு அவன் டேப்லெட்டைக் கீழே வைத்தான். மகள் மீன்களுக்குக் கையசைத்தாள்.

அவள் பணத்தைக் கட்டினாள். உள்ளுக்குள் பொருமல் அடங்கவில்லை. தண்டமாம்.

பேருந்தில் கணவனும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின் இருக்கையில் அவளும் மாமியாரும். வண்டி கிளம்பும் இரைச்சலுக்காகக் காத்திருந்ததுபோல, மாமியார் அவள் பக்கம் சாய்ந்தாள்.

"பகல்ல நீ வேலைக்குப் போயிடுவேல்ல. அப்ப அது எனக்கு."

"தண்டம்னீங்களே அத்தை?"

"மெதுவாப் பேசு. நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா இதுங்க ரெண்டும் நம்மள விட்டுவைக்குமா? நம்ம வீட்ல நான் நல்லாருக்குன்னு சொன்ன எதுவும் என் கைக்கு வந்ததில்லம்மா."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை தவறாமல் பேக்கரியிலிருந்து அவள் கேக் கொண்டுவருவாள். வாயில் வைத்ததுமே மாமியார் "மண்ணு மாதிரி இருக்கு" என்பாள். உடனே மற்றவர்களும் தட்டைத் தள்ளிவிடுவார்கள். விடிந்து பார்த்தால் டப்பா காலியாக இருக்கும்.

இத்தனை வருடமாக அதற்கு அவள் மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.