இரவல் ஆய்வகம்

"மைக்ராஸ்கோப்பை மட்டும் வேற யாரும் தொட வேணாம், திருநா. என் கையெழுத்துல இருக்கிற சாமான். உடைஞ்சா என் வேலைக்கே உலை வெச்சிடும்."

சொல்லிக்கொண்டே மாட்டு வண்டியில் இருந்த வைக்கோலை விலக்கினார் தணிகாசலம். உள்ளே தராசு, பியூரெட், பீக்கர், ஸ்பிரிட் விளக்கு. எல்லாம் வாலாஜாபாத் பக்கத்து ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துச் சொத்து. அங்கே அவர் சயின்ஸ் வாத்தியார். ஒரகடம் பக்கத்தில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு அவருடைய நண்பர் திருநாவுக்கரசு சயின்ஸ் வாத்தியார். டிரெயினிங் காலேஜில் ஒரே அறையில் கிடந்தவர்கள்.

பிளஸ் டூ வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஏரிக்கரைக்கு சயின்ஸ் குரூப் போன வருஷமே கிடைத்துவிட்டது. இங்கே இல்லை. லேப் இருந்தால்தான் குரூப் தருவார்களாம், குரூப் இருந்தால்தான் லேப் சாமான் தருவார்களாம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பள்ளிகள் என்ன செய்யும்? அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளன்று பக்கத்து ஊரில் இரவல் வாங்கி அடுக்கிவிடும். ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். இன்றைக்கு இங்கே ஆய்வு.

"இந்த வருசமும் குரூப் கிடைக்கலைன்னா மரகதத்தை ஆவணியில கட்டிக் குடுத்துடுவாங்கடா" என்றார் திருநாவுக்கரசு. "பத்தாவதுல அவதான் முதல். ஏரிக்கரைக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ்ல அனுப்ப மாட்டேன்னு அவங்கப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"அதுக்குத்தானே வந்திருக்கேன். சாயங்காலம் வண்டி திரும்பிடணும்."

"லீவு சொன்னியா?"

"ஒரு நாளைக்கு இன்னா லீவு? எங்க ஹெச்.எம். ஊர்ல இல்ல. பசங்களுக்கு நேத்தே கணக்குப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அதிகாரி உன்னை யாருன்னு கேட்டா?"

"லேப் அட்டெண்டர்னு சொல்லு. பேரு தசரதன்னு வெச்சிக்க."

பியூன் நாகப்பனின் காக்கிச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. சிரிக்கிற நிலைமையில் இரண்டு பேருமே இல்லை.

காலையில் வரவேண்டிய அதிகாரி, சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் ஜீப்பில் வந்து இறங்கினார். முகத்தில் கடுகடுப்பு. லேப்புக்குள் நுழைந்ததும் அது கொஞ்சம் இறங்கியது. பியூரெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"சுத்தமா வெச்சிருக்கீங்க. இவர் யாரு?"

"அட்டெண்டர் சார். தசரதன்."

"பாடம் நடத்தறவங்களுக்கு இந்தப் பொறுப்பு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார் அதிகாரி. "சரி, உங்களுக்கு சயின்ஸ் குரூப் உண்டு. அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும்."

திருநாவுக்கரசுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே மரகதத்தின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஜீப் வரைக்கும் அதிகாரியின் பின்னாலேயே நடந்தார். தணிகாசலமும் கூட வந்தார்.

"சார், குரூப் வந்தா லேப் சாமானும் தருவாங்கன்னு..."

"உங்களுக்கு எதுக்கு? அதான் எல்லாமே இருக்கே. நான் பிள்ளைங்களைத்தான் அனுப்பப் போறேன்."

"எந்தப் பிள்ளைங்க சார்?"

"ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. வர்ற வழியில சொல்லாமக் கொள்ளாம அங்க இறங்கிப் பார்த்தேன். லேப்ல ஒரு கண்ணாடிக் குழாய்கூட இல்லை. சயின்ஸ் வாத்தியார் எல்லாத்தையும் வித்துட்டு ஆளே ஓடிட்டான் போல. அங்க குரூப்பை ரத்து பண்ணி, அவன் மேல போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டு வர்றேன். அதான் லேட்டு. தணிகாசலம்னு பேராம்."

சொல்லிவிட்டு அதிகாரி திரும்பினார். "தசரதா, ஜீப் கதவைத் திறப்பா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்த நண்பரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு போய்க் கதவைத் திறந்துவிட்டார் தணிகாசலம்.