ராஜம்மாள் நிறுத்தாத தறி

"யாருது அது? எந்தப் புண்ணியவான் தறி?"

காரை விட்டு இறங்கியதுமே ஆனந்தகுமார் பல்லைக் கடித்தார்.

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை இந்தத் தெருவில் ஒரு விசைத்தறிகூட ஓடக் கூடாது என்று நேற்றே வீடு வீடாகச் சொல்லியாயிற்று. மொத்தத் தெருவும் நிறுத்திவிட்டது. ஒரே ஒரு தறி மட்டும் டக்கடக் டக்கடக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உஷாராணி. இடம் பார்க்க வந்த பெங்களூர் கம்பெனி அதிகாரி. அமெரிக்காக்காரர்களின் புகார்களை ராத்திரி முழுக்கப் போனில் கேட்டுப் பதில் சொல்கிற கம்பெனி. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் இந்தத் தெருமுனைக் கட்டடம் பிடித்துப்போனால் நானூறு பேருக்கு வேலை. பிடிக்காவிட்டால் வேறு ஊர்.

தொழில் வளர்ச்சிக் குழுத் தலைவர் என்ற முறையில் ஆனந்தகுமார் எட்டு மாதம் அலைந்து கூட்டி வந்திருந்தார். காரில் வரும்போதே மேடைக் குரல்தான்.

"நாலு திக்கும் நாலுவழிச் சாலை மேடம். ரயில் இருக்கு, விமானம் இருக்கு. படிச்ச பிள்ளைங்க வருசா வருசம் ஆயிரக்கணக்குல வெளியூருக்கு மூட்டை கட்டுறாங்க. அவங்களை இங்கேயே நிறுத்தணும்."

"எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்றாங்க சார். எங்களுக்கு முக்கியம் அமைதி. சேலத்தை லிஸ்ட்ல சேர்த்ததே அதுக்காகத்தான். எங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி இந்த மாவட்டத்துல இருக்கா. மூணு வருஷமா அவ போன் கால்ல ஒரு இரைச்சல் கிடையாது. எங்க ஆபீஸ்லகூட அப்படி வராது."

"அதான் மேடம் நம்ம சேலம்! குண்டூசி விழுந்தாக் கேக்கும்!"

இப்போது உலக்கை விழுந்தாலும் கேட்காது போலிருந்தது.

உஷாராணி ஃபைலைத் திறந்து, 'இரைச்சல்' என்ற இடத்தில் 'அதிகம்' என்று எழுதினார். ஆனந்தகுமார் விறுவிறுவென்று தறிக்கூடத்துக்குள் நுழைந்தார். உஷாராணியும் பின்னாலேயே போனார்.

உள்ளே எட்டுத் தறி. ஏழு நின்றிருந்தது. எட்டாவதன் பக்கத்தில், மோட்டார் சுவிட்சுக்குக் காவல் போல ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?" ஆனந்தகுமார் கத்தினார்.

"நேத்தே சொன்னீங்க சாமி. தெரியுமுங்க."

"அப்ப நிறுத்துங்க!"

"முடியாதுங்க."

ஆனந்தகுமார் பாதி முகத்தைத் திருப்பி, "திமிரு புடிச்ச கெழவி" என்று உதட்டளவில் முனகினார்.

"கெழவிதானுங்க. திமிரு கொஞ்சம் கம்மி," என்றாள் ராஜம்மாள்.

ஆனந்தகுமார் திடுக்கிட்டார்.

"நாப்பது வருசமாத் தறிக்குள்ள கெடக்கறேன் சாமி. காது போச்சு. உதடு அசைஞ்சாப் போதும், படிச்சுருவேன். நீங்களும் தறிக்காரர் ஊட்டுப் பையன்தானுங்களே, மறந்துட்டீங்களா?"

"நானூறு புள்ளைங்க வேலைங்க! ரெண்டு மணி நேரக் கூலிக்கு ஆசைப்பட்டு ஊர் வாயில மண்ணள்ளிப் போடுறீங்களே, இது நியாயமா?"

சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். ராஜம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள்.

உஷாராணி தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுல நூலே இல்லையே?"

இல்லைதான். நீளவாட்டுப் பாவு நூலும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடை நூலும் இல்லை. ஊடையை இழுத்தோடும் நாடாவைக்கூடக் கழற்றி வைத்திருந்தது. வெறும் தறி காற்றை அடித்துக்கொண்டிருந்தது.

"புதுப் பாவு நாளைக்குத்தான் வரும் அம்மிணி."

"அப்புறம் எதுக்குச் சும்மா ஓட்டுறீங்க?"

ராஜம்மாள் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒத்தச் சுவருதான். அந்தப் பக்கம் ஒரு புள்ள தூங்குது. ராவெல்லாம் முழிச்சிருந்து போன்ல பேசற வேலை. அவங்கப்பன் கரீம் பாஷா எங்கூடத் தறி ஓட்டுனவரு. அவரு போனப்புறம் இவ சம்பாத்தியத்துலதான் ஊட்டுல ஒல கொதிக்குது. இந்தத் தறிக்குப் பக்கத்துல தொட்டில் கட்டித்தான் இவளை வளத்தாங்க. தறி ஓடுனாத்தான் கண்ணு சொக்கும். நின்னா முழிச்சுக்குவா. இன்னிக்குப் பத்து மணிக்குத் தெருவே நின்னுச்சு பாருங்க, பதறி எந்திரிச்சு உக்காந்துட்டா. அதான் இதையாச்சும் ஓட்டிப் படுக்க வெச்சேன்."

"பகல்ல சரி. ராத்திரி அவ எப்படிப் பேசுவா? தெரு முழுக்கத் தறியாச்சே?"

"ராத்திரி ஓட்டறதில்லீங்க. அவ வேலைக்குச் சேந்த மொத நாளே பேசி வெச்சுக்கிட்டோம். எட்டு மணிக்குத் தெருவே நிறுத்திரும். விடியக்காலை நாலரைக்குத்தான் போடுவோம். மூணு வருசமா அப்படித்தான்."

ஆனந்தகுமாரின் கை இன்னும் சுவிட்சுப் பக்கமே இருந்தது.

"இதையெல்லாம் மேடம்கிட்டச் சொல்லணுமா?" என்று சிடுசிடுத்தார்.

உஷாராணி அவரைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?"

"இர்பானாங்க."

உஷாராணி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு ஃபைலைத் திறந்து, 'அதிகம்' என்று எழுதியதை அடித்தார். ஆனந்தகுமாரின் கையைச் சுவிட்சிலிருந்து மெல்ல விலக்கினார்.

ராஜம்மாளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் ஆனந்தகுமாருக்குக் கேட்கவில்லை. ராஜம்மாள் உதட்டைப் படித்தாள்.

"மூணு வருஷமா நாங்க போன்ல கேட்ட அமைதி உங்களோடதாம்மா?"