மரியாதைப் பன்மை

குரல்வளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிரசன்னா மூன்று வருடங்களாகத் தொண்டையில் பொருத்திய கருவியால்தான் பேசினான். அவன் நினைப்பதை அது குரலாக்கும். பழைய கருவி பழுதாகிவிட்டதால், இன்று காலை வேறொரு நிறுவனத்தின் கருவியை மாட்டியிருந்தார்கள்.

மனைவி தாட்சாயணி சூப்போடு அறைக்குள் வந்தாள். அவன் கண்ணெல்லாம் சிரித்தான்.

"வாங்க, உட்காருங்க. சாப்ட்டீங்களா?"

கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. பன்னிரண்டு வருட வாழ்க்கையில் அவன் அவளை 'நீங்க' என்றது இரண்டே முறை. இரண்டு முறையும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"எம்மேல என்ன கோவம்?"

"உங்க மேல எனக்கு என்னங்க கோவம்?" என்ற பிரசன்னா, தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கருவிகளில் ஓடும் செயலியை எழுதுவதே அவளுடைய குழுதான். எல்லா நிறுவனக் கருவியிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும் என்று, பழைய கருவியில் மட்டும் ஓடிய லைப்ரரி என்ற துணை நிரலைப் போன மாதம் தூக்கி எறிந்தவள் அவள். 'நீ'யையும் 'நீங்க'வையும் ஆள் பார்த்துப் பிரித்தது அந்த லைப்ரரி. "எல்லார்கிட்டயும் மரியாதையா பேசினா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று மீட்டிங்கில் எல்லோர் வாயையும் அடைத்தவளும் அவள்தான்.

பிரசன்னா மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு, எழுதி நீட்டினான்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"